மூளைப் பயிற்சி விளையாட்டுகள்: கவனம் சிதறும் பிள்ளைகளுக்குப் பலன் தருமா?

வகுப்பில் ஓரிடத்தில் உட்காராமல், சொன்ன வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, பென்சிலையும் நோட்டையும் தினமும் தொலைத்துவிட்டு வரும் பிள்ளையை 'அடங்காத பிள்ளை' என்று சொல்லிவிடுகிறோம். அப்படிப்பட்ட பிள்ளைகள் சிலருக்கு இருப்பது அடங்காமை அல்ல. ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு. இது மூளை வளர்ச்சி சார்ந்தது. வளர்ப்புச் சரியில்லாததால் வருவதல்ல.

இதை அறிந்த பெற்றோர் அடுத்துத் தேடுவது தீர்வை. கணினியிலும் கைபேசியிலும் விளையாடும் 'மூளைப் பயிற்சி'களின் விளம்பரங்கள் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. பணம் கட்டுவதற்கு முன், ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

தொடக்கம் எப்படி?

"நோட்டை எடு, தேதியை எழுது, மூன்றாவது கணக்கைப் போடு" என்று ஆசிரியர் சொன்னால், மூன்றையும் மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். இதைச் செயல் நினைவாற்றல் என்கிறார்கள். ஏடிஹெச்டி உள்ள பல பிள்ளைகளுக்கு இது குறைவாக இருக்கிறது. பயிற்சியால் இதைக் கூட்டினால் கவனமும் கூடும் என்பதே மூளைப் பயிற்சியின் அடிப்படை எண்ணம்.

சுவீடனில் டோர்கெல் கிளிங்பெர்க் என்ற நரம்பியல் அறிஞரின் குழு இதற்கென ஒரு கணினிப் பயிற்சியை உருவாக்கியது. பின்னர் அது 'காக்மெட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 53 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வை அக்குழு 2005இல் வெளியிட்டது. பயிற்சி பெற்ற பிள்ளைகள் நினைவாற்றல் சோதனைகளில் முன்னேறினர். பெற்றோரும் அறிகுறிகள் குறைந்ததாகச் சொன்னார்கள். இந்த முடிவு பெரும் நம்பிக்கையை விதைத்தது.

அளந்தவர் யார்?

2015இல் வேறொரு குழு 16 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பிள்ளை பயிற்சி பெறுவதை அறிந்தவர்கள் மதிப்பிட்டபோது முன்னேற்றம் தெரிந்தது. அதை அறியாதவர்கள் மதிப்பிட்டபோதோ அது வெகுவாகச் சுருங்கியது. பெற்றோர் பொய் சொன்னார்கள் என்பதல்ல இதன் பொருள். பாடுபட்டுப் பயிற்சி கொடுத்த மனம் பலனை எதிர்பார்க்கும். எதிர்பார்த்த கண்ணுக்குச் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும். 2023இல் 36 ஆய்வுகளைத் தொகுத்தவர்களும், இப்பயிற்சியைத் தனிச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றே முடித்தார்கள்.

பல்லாங்குழியில் தேர்ந்த பிள்ளை அதனாலேயே கணக்குப் பாடத்தில் தேறிவிடுவதில்லை. இங்கும் அப்படித்தான். பயிற்சி செய்த விளையாட்டிலும் அதை ஒத்த சோதனைகளிலும் திறன் கூடுகிறது. வகுப்பறைக்கும் வீட்டுப்பாடத்துக்கும் அது போய்ச் சேருவதில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், செயல் நினைவாற்றல் குறைந்த 452 முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக் காக்மெட் சோதிக்கப்பட்டது. 2016இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகள் கழித்தும் படிப்பில் பலன் இல்லை. கணக்கில் பயிற்சி பெற்றவர்களே சற்றுப் பின்தங்கியிருந்தார்கள்.

அரசு அனுமதி பெற்றதாயிற்றே?

அமெரிக்காவின் எஃப்டிஏ 2020இல் 'எண்டெவர் ஆர்எக்ஸ்' என்ற விளையாட்டை, மருத்துவர் சீட்டின் பேரில், 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு அனுமதித்தது உண்மைதான். அதற்கு ஆதாரமான ஆய்வுகளில் ஒன்றில் 348 பிள்ளைகள் பங்கேற்றனர். கணினியில் செய்த கவனச் சோதனையில் முன்னேற்றம் இருந்தது. ஆனால் பெற்றோர் கண்ட அறிகுறிகளைப் பொறுத்தவரை, ஒப்பீட்டுக்காக வேறொரு சொல் விளையாட்டு ஆடிய பிள்ளைகளைவிட இவர்கள் மேலாக இல்லை. மற்ற சிகிச்சைகளோடு சேர்த்துப் பயன்படுத்தவே அனுமதி தரப்பட்டது.

அதே நாட்டில், ஏடிஹெச்டி உள்ளிட்ட குறைபாடுகளுக்குப் பலன் தரும் என்று போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக 'லூமோசிட்டி' நிறுவனத்தின் மீது வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016இல் அந்நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது.

அப்படியானால் எது உதவும்?

முதலில் குழந்தைநல மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ காட்டி, இருப்பது ஏடிஹெச்டிதானா என்று உறுதி செய்ய வேண்டும். ஆறு வயதுக்குக் கீழ் என்றால், பிள்ளையைக் கையாளும் முறைகளைப் பெற்றோருக்குக் கற்றுத்தரும் பயிற்சியே முதல் சிகிச்சை. அதற்கு மேற்பட்ட வயதில், மருத்துவர் கண்காணிப்பில் மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்த்துத் தரப்படுகின்றன. இவற்றுக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது.

வீட்டிலும் பள்ளியிலும் மக்தபிலும் நாம் செய்யக்கூடியவை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து இடைவேளை கொடுங்கள். முன் வரிசையில் உட்கார வையுங்கள். சரியாகச் செய்ததை அந்தக் கணமே பாராட்டுங்கள்.

பிள்ளை விரும்பி ஆடும் விளையாட்டைப் பொழுதுபோக்காக அளவோடு அனுமதிப்பதில் தவறில்லை. ஆனால் யாரேனும் அதைச் சிகிச்சை என்று விற்க வந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உயர்ந்தது விளையாட்டின் மதிப்பெண்ணா, பிள்ளையின் படிப்பா? அதை அளந்தவருக்குப் பயிற்சி பற்றி முன்பே தெரியுமா? தெளிவான பதில் வராவிட்டால், அந்தப் பணத்தையும் நேரத்தையும் மருத்துவரின் ஆலோசனைக்கும் பிள்ளையோடு உட்காரும் அரை மணி நேரத்துக்கும் செலவிடுவதே நல்லது.