பாங்குக்காக ஓட்டுப் போட்ட ஊர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஏறக்குறைய நாற்புறமும் டெட்ராய்ட் மாநகரம் சூழ்ந்திருக்க, நடுவே உள்ள சின்ன நகரம் ஹாம்ட்ராமிக். கார் தொழிற்சாலை வேலைக்கு வந்த போலந்து கத்தோலிக்கர்கள் வளர்த்த ஊர். பிற்காலத்தில் யமன், வங்கதேசம், போஸ்னியா முஸ்லிம்கள் அங்கே குடியேறினார்கள்.

2004ல் அங்குள்ள பள்ளிவாசல் ஒன்று ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல அனுமதி கேட்டது. அதை முடிவு செய்தது வாஷிங்டன் அல்ல. அந்த ஊர் அடங்கிய வேன் கவுன்டியும் அல்ல. சிறைச்சாலை, பத்திரப் பதிவு போன்றவை கவுன்டியின் வேலை. தெரு இரைச்சலைக் கட்டுப்படுத்துவது நகர மன்றத்தின் அதிகாரம்.

மன்றம் இரைச்சல் தடைச் சட்டத்தைத் திருத்தி, நேரக் கட்டுப்பாட்டுடன் பாங்கை அனுமதித்தது. எதிர்த்தவர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். விஷயம் பொது வாக்கெடுப்புக்குப் போனது. முஸ்லிம்கள் சிறுபான்மையாக இருந்த அந்த ஊரில், ஜூலை மாத வாக்கெடுப்பில் அனுமதி நிலைத்தது.

2015 தேர்தலில் நகர மன்றத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மை பெற்றார்கள். 2022 ஜனவரியில் பொறுப்பேற்ற மேயரும் மன்ற உறுப்பினர்கள் ஆறு பேரும் முஸ்லிம்களே.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. நம் அன்றாட வாழ்வைத் தொடும் பல முடிவுகள் பெரிய தேர்தல்களில் அல்ல, நாம் அலட்சியம் செய்யும் உள்ளூர்த் தேர்தல்களில்தான் தீர்மானமாகின்றன. இன்னொன்று, அன்று அண்டை வீட்டாரிடம் நியாயம் கேட்டவர்கள் இன்று அதிகாரத்தில் இருக்கிறார்கள். அதே நியாயத்தை அவர்களிடம் எதிர்பார்க்கும் உரிமை இப்போது அந்த அண்டை வீட்டாருக்கும் உண்டு.