ஓலை வாரும் கையில் ஊறும் கற்பனை

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் நெடுவீதியில் கோப்பாயையும் நீர்வேலியையும் கடந்து புத்தூரை அடைகின்ற பிரயாணி ஒருவர், செம்பாட்டு மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் செழித்து நிற்கும் தோட்டங்களைப் பார்த்து, இவ்வூரின் சம்பத்து முழுவதும் கிணற்று நீரிலேயே அடங்கியிருக்கிறது என்று எண்ணக்கூடும்; ஆயினும் சந்தியிலே கிழக்கு நோக்கித் திரும்பி வாதரவத்தைப் பக்கமாகச் சிறிது தூரம் சென்றால், பயிர் ஏறாத உவர்த் தரவையின் ஓரங்களிலே, ஒருவரும் துலா மிதித்து நீர் வார்க்காமலே தலைமுறை தலைமுறையாக நிமிர்ந்து நிற்கும் பனைகளையும் காண்பார். அந்தப் பனையின் ஓலையைக் கொண்டு பெட்டியும் பாயும் இழைக்கத் தெரிந்த பெண்கள் புத்தூரிலும் அதன் அயற்கிராமங்களிலும் இன்றும் இருக்கிறார்கள். ஒரு கைவினைஞருக்குக் கற்பனை எங்கிருந்து பிறக்கிறது, பிறந்த கற்பனை எதனால் நிலைக்கிறது, எதனால் வற்றுகிறது என்னும் வினாக்களுக்கு, அழகியல் நூல்கள் பல தராத விடைகளை அவர்களுடைய தொழிலை அருகிருந்து பார்ப்பதனால் அறிந்துகொள்ளலாம் என்பது என் துணிபு.

கற்பனை என்பது பாக்கியவான் ஒருவருடைய சிந்தையிலே தெய்வாதீனமாக இறங்கும் வரப்பிரசாதம் என்றும், அது இறங்கும் வரையில் காத்திருப்பதே கலைஞருக்கு விதிக்கப்பட்ட தவம் என்றும் ஒரு கொள்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நூலும் வர்ணமும் துணியும் ஆசையோடு வாங்கி வைத்துவிட்டு, ‘மனம் வரேல்லை’ என்று மாதக்கணக்காக அவற்றைத் தொடாதிருக்கும் இளையவர்கள் பலர். அவர்களிடத்தில் சோம்பலும் இல்லை, திறமைக் குறைவும் இல்லை. செய்யப் போகும் பொருளை மனம் முதலில் முழுமையாகக் கண்டுவிட வேண்டும், அதன் பின்புதான் கை அசைய வேண்டும் என்ற நினைவே அவர்களைக் கட்டிப் போட்டிருக்கிறது. பெட்டி இழைக்கும் ஆச்சிமாரிடம் இந்தக் கோலம் எப்படி வந்தது என்று கேட்டால், “கைப்பழக்கம், பிள்ளை” என்பார்கள். அதற்கு மேல் பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த ஒரு சொல்லை அடக்கத்தினால் வந்த உபசார வார்த்தை என்று தள்ளிவிடாமல், சாஸ்திரம் ஒன்றின் சூத்திரமாகவே கொண்டு பொருள் காண முயல்வது நமக்குப் பயன் தரும்.

முதலிலே ஓலையைப் பாருங்கள். மரத்தின் நடுவே விரியாது நிற்கும் குருத்தோலை மெல்லிய வேலைகளுக்கு உரியது. அதற்கு அடுத்துள்ள சற்று முற்றிய சார்வோலை, கடகம், பாய் முதலிய உறுதியான பொருள்களுக்கு உரியது. வெட்டிய குருத்தை வெயிலிலே காயவிட்டு, இரவுப் பனியும் படும்படி விரித்து வைக்க, அதன் இளமஞ்சள் நிறம் நாளடைவில் வெளுத்துத் தந்தத்தின் சாயலைப் பெறுகிறது. பின்னர் ஈர்க்கை நீக்கி, சத்தகம் என்னும் சிறு கத்தியினாலே ஒரே அகலமாக வார்ந்து எடுக்கிறார்கள். இந்த வார்தலுக்கு அளவுகோல் கிடையாது. பெருவிரலும் சுட்டுவிரலுமே அளவு. ஓலை அதிகம் காய்ந்திருந்தால் முறியும். ஈரம் மிகுந்திருந்தால் பின்னிய பிறகு சுருங்கி இடைவெளி விடும். ஆகையால் சிறிது நீர் தெளித்து, துணியிலே சுற்றி வைத்துப் பதம் பார்ப்பார்கள். ஒரு பெட்டியை இழைப்பதற்கு முன்னே இவ்வளவு நேரம் ஓலையோடு பழகிய கை, எந்த வார் எவ்வளவு வளையும், எந்த வார் கோணத்திலே மடியும், எது ஓரத்துக்குத் தகும், எது நடுவுக்குத் தகும் என்பதையெல்லாம் ஏற்கெனவே அறிந்து விடுகிறது. ஆயத்த வேலை என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் இந்தக் கட்டத்திலேதான் கற்பனையின் பெரும்பகுதி கருக்கொள்கிறது. எனவே, மனம் வரவில்லை என்று சொல்கின்றவருக்கு நான் தரக்கூடிய முதல் ஆலோசனை, எதையும் உருவாக்க முயலாமல், பொருளை வாரவும் வெட்டவும் துவைக்கவும் அடுக்கவும் தொடங்குவதே.

பின்னலின் தொடக்கத்தையும் சற்று உற்று நோக்க வேண்டும். பெட்டியின் அடிப்பாகம், குறுக்கும் நெடுக்குமாக வார்கள் ஒன்றன் மேலொன்று ஏறியும் இறங்கியும் அமைந்த ஒரு சதுரம். அச்சதுரத்தை விரும்பிய அளவுக்கு வளர்த்த பிறகு, மூலை கோலி, வார்களை மேல்நோக்கித் திருப்பிச் சுவரை எழுப்பும்போது, அதுவரை நேராக ஓடிய வார்கள் சாய்வாக ஏறத் தொடங்குகின்றன. சதுரமாகப் பிறந்த பொருள் வட்டமான வாயைப் பெற்று முடிகிறது. இப்பொழுது, அடிப்பாகத்திலே சிவப்புச் சாயம் ஊட்டிய வார்கள் சிலவற்றைச் சேர்த்திருந்தால், அவை சுவரிலே ஏறும்போது எதிர்ப்புறமிருந்து வரும் சிவப்பு வார்களைச் சந்தித்து, ஒருவரும் வரைந்து காட்டாத சாய்சதுரங்களாக மலர்கின்றன. அடியிலே எடுத்த தீர்மானம் வாயருகே என்ன உருவம் கொள்ளும் என்பதை அனுபவம் மிக்கவர்கள் முன்னரே கணித்து விடுவார்கள்; ஆயினும் அவர்களுக்கும் சில வேளைகளிலே எதிர்பாராத ஒரு கோலம் தோன்றி, ‘இது நல்லாயிருக்கு’ என்று அடுத்த பெட்டியிலே அதையே வேண்டுமென்று செய்யத் தூண்டுகிறது. புதிய வடிவங்கள் பிறக்கும் வழிகளில் இதுவே எனக்கு மிகவும் மெய்யானதாகத் தோன்றுகிறது: கை ஒன்றைச் செய்கிறது, கண் அதைக் கண்டு வியக்கிறது, புத்தி அதை ஏற்று அடுத்த முறைக்கு விதியாக்குகிறது.

தேவையும் கற்பனையின் தாய்களுள் ஒன்று. பிட்டு அவிப்பதற்கு நீத்துப்பெட்டி கூம்பாக அமைந்தது, கொதிக்கும் பானையின் வாயிலே பொருந்தி ஆவியை மாவினூடே ஏற்றுவதற்காக. பனங்கட்டி வார்க்கும் குட்டான் சிறிதாக அமைந்தது, பாகு அதனுள்ளே இறுகி அதனோடே விலைப்படுவதற்காக. ஆடிக்கூழுக்கும் கள்ளுக்கும் உரிய பிளா, பின்னல் எதுவுமின்றி ஓலையை மடித்துக் கட்டிய மாத்திரத்திலே பாத்திரமாகிறது. வெற்றிலையும் சில்லறையும் வைக்கும் கொட்டைப்பெட்டி மடியிலே அடங்குகிறது. மண்ணும் எருவும் சுமக்கும் கடகமோ இரட்டை மடிப்பாக இழைக்கப்பட்டு, மட்டையிலிருந்து உரித்த நாரினாலே விளிம்பு கட்டிப் பொத்தப்படுகிறது. இவற்றுள் எதுவும் அழகுக்காக என்று தொடங்கப்பட்டதன்று. ஆயினும் கடகத்தின் விளிம்பிலே நார் ஓடும் ஒழுங்கைக் கண்டவர் அதை அழகன்று என்று சொல்லத் துணியமாட்டார். ‘என்ன புதுமை செய்யலாம்’ என்று வெறுமையை நோக்கிக் கேட்பதைக் காட்டிலும், ‘இதிலே எதை வைக்கப் போகிறார்கள், எந்தக் கை இதைத் தூக்கும்’ என்று கேட்பது மிகுந்த பலனைத் தருகிறது.

இந்த உண்மையை உலகத்துக்கு எடுத்துரைத்தவர்களுள் முதல்வராக நான் கருதுபவர் கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877-ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த அவர், நிலவியல் கற்று, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர். பாறைகளைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்த அந்த உத்தியோகமே, அங்குள்ள தச்சர்களையும் கொல்லர்களையும் நெசவாளர்களையும் பாய் பின்னுவோரையும் அவருக்கு அறிமுகம் செய்து வைத்தது. அதன் பலனாக 1908-இல் வெளியான இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல், முன்னர் வில்லியம் மோரிசு பயன்படுத்திய கைஅச்சு இயந்திரத்திலேயே அச்சிடப்பட்டது. கைவினைஞர் தம்மை வெளிப்படுத்துவதற்காகப் பாடுபடுவதில்லை, செய்ய வேண்டிய பொருளைச் செய்ய வேண்டியவாறு செய்வதிலே தம்மை மறக்கிறார். அந்த மறதியிலேதான் அவருடைய ஆற்றல் முழுவதும் விடுதலை பெறுகிறது என்பது அவர் எழுத்துக்களெங்கும் பரந்து கிடக்கும் கருத்து. யப்பானிலே, ஒப்பமிடாத சாமானியர்களின் கைப்பொருள்களுக்கென்றே 1936-இல் தோக்கியோவில் ஒரு நூதனசாலையை நிறுவிய யானகி சோயெத்சுவும் ஏறக்குறைய இதே முடிவுக்குத்தான் வந்தார். நம் கடகங்களிலும் எவருடைய ஒப்பமும் இல்லை.

ஆயினும், தன்னை மறத்தல் என்பது கண்ணை மூடிக்கொள்வதாகிவிடக் கூடாது. 1928-இல் பிறந்து 2022-இல் மறைந்த பார்பரா சன்சோனி என்னும் இலங்கை வடிவமைப்பாளர், கன்னியர் மடத்தைச் சார்ந்து நெசவு பழகிய பெண்களுக்கு உதவப் புகுந்து, பின்னர் ‘பெயர்புட்’ என்ற கைத்தறி நிறுவனத்தை வளர்த்தவர். அவர் துணிகளில் அருகருகே வைத்த நிறங்கள், அதுவரை ஒன்றோடொன்று சேராதவை என்று கருதப்பட்டவை. அவற்றின் உற்பத்தித் தானம் இந்நாட்டின் வெயிலும் இலையும் கடலும் பழைய வீடுகளுமே. ஊரூராகச் சென்று பழங் கட்டிடங்களைச் சித்திரமாக வரைந்த பழக்கம் அவருடைய கண்ணை ஓயாது கூர்மைப்படுத்திற்று. புத்தூரிலே பிறந்த ஒருவருக்கு அந்தச் செல்வம் குறைந்துவிடவில்லை. உழுத செம்பாட்டின் நிறமும், அதன் மேலே வெங்காயத் தாளின் நீலம் கலந்த பச்சையும், காய வைத்த புகையிலையின் கபிலமும், மாலையிலே தரவை நீர் கொள்ளும் ஈய நிறமும், தேர்ச்சீலையின் சிவப்பும் வெள்ளையும் எந்நாளும் கண்முன் இருக்கின்றன. பனையோலைப் பொருள்களுக்கு இன்று பெரும்பாலும் ஊட்டப்படும் கடுஞ்சிவப்பும் கடும்பச்சையும் ஊதாவும் கடையிலே கிடைக்கும் சாயப்பொடியின் தீர்மானம். அந்தத் தீர்மானத்தைச் சாயப்பொடியிடம் விட்டுவிடாமல், தன் தோட்டத்தைப் பார்த்துத் தானே செய்யும் பெண்ணொருத்தி, ஒரு வருஷத்துக்குள் தன் பெட்டியை எங்கு கண்டாலும் தன்னுடையதென்று அறியத்தக்க தனித்துவம் பெற்றுவிடுவாள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஊக்கம் வற்றும் காலமும் உண்டு. புத்தூருக்கு அயலே நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு கடுங்கோடையிலும் நீர் குறையாதது என்று பெயர் பெற்றது. இராமபிரானின் அம்பு பட்டு ஊறியது என்பது ஊரார் வழங்கும் கதை. சுண்ணாம்புப் பாறையின் குகைகளிலே தேங்கும் மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின் மீது மிதக்கிறது. ஆகையால் மேல்நீர் இனிக்கும், ஆழத்து நீர் கரிக்கும். அளவோடு இறைத்தால் நன்னீர் கிடைக்கும். ஆசை மிகுந்து இறைத்தால் உவர் மேலேறும். கைவினைஞரின் உள்ளமும் இவ்வாறே அமைந்தது. விழாக் காலத்துக்கென்று ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான பெட்டிகளை இராப்பகலாக இழைத்துக் கொடுத்தவர்கள், அதன் பின்பு ஓலையைக் கண்டாலே சலித்துக் கொள்வதுண்டு. அப்பொழுது வேண்டியது புதிய உபதேசமன்று, மழை. அதாவது ஓய்வும், தொழிலோடு சம்பந்தமில்லாத சில காட்சிகளும், விலைக்கன்றித் தன் பேரப்பிள்ளைக்காக இழைக்கும் ஒரு சிறு கிலுகிலுப்பையும்.

எனினும், தனி மனத்தின் வறட்சி என்று நாம் சொல்வதிற் பெரும்பகுதி உண்மையிலே சமூகத்தின் வறட்சி. பிளாஸ்டிக் கூடைகள் மலிந்த காலத்தில் கடகம் வேலியோரத்துக்குப் போயிற்று. அலுமினியப் பாத்திரம் நீத்துப்பெட்டியை அடுக்களையிலிருந்து அகற்றிற்று. யுத்தம் வந்தபோது பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே பெயர்ந்தபோது, சத்தகமும் பாதி இழைத்த பெட்டியும் திண்ணைகளிலேயே கிடந்தன. திரும்பி வந்த பெண்களுள் தனியாகக் குடும்பத்தைத் தாங்க நேர்ந்தவர்கள் பலர். அவர்களுக்குப் பனையோலை மறுபடியும் கைகொடுத்தது. 1978-இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் பயிற்சிகளும் ‘கற்பகம்’ விற்பனை நிலையங்களும் இம்முயற்சிக்குத் துணை புரிந்துள்ளன. ஆனால், ஒரு நாள் முழுவதும் குனிந்திருந்து இழைத்த பெட்டிக்கு அந்நாளின் அரிசிக்கும் போதாத விலையைப் பேரம் பேசி வாங்கிவிட்டு, ‘இவர்களிடம் புதுமை இல்லையே’ என்று குறை சொல்வது பெரும் அநீதி. நாளைய சோற்றைப் பற்றிய கவலை நிறைந்த நெஞ்சு, தெரிந்த மாதிரியையே திரும்பத் திரும்பச் செய்யும். பரீட்சார்த்தமாக ஓர் ஓலையை வீணாக்கக்கூட அதற்கு வசதி இராது.

கூடியிருந்து இழைத்தலின் மகிமையையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. பின்னேர வெயில் சாய்ந்த பிறகு மரநிழலிலோ திண்ணையிலோ நாலைந்து பேர் ஓலையோடு அமர்ந்தால், ஊர்க்கதை ஓடும். அதனூடே ஒருத்தியின் விளிம்பு மடிப்பை மற்றவள் கண்ணாலேயே திருடிக் கொள்வாள். திருட்டுக் கொடுத்தவள் நாளைக்கு அதை விஞ்சிய மடிப்போடு வருவாள். பட்டணத்திலே அறைக்குள் தனித்திருந்து வேலை செய்யும் இக்காலத்து வடிவமைப்பாளருக்கு மிகவும் குறைவாகக் கிடைப்பது இந்தச் சகவாசமே.

பழைய பொருள்களைக் குலைத்துப் பார்ப்பது மற்றொரு நல்ல அப்பியாசம். பரணிலே புகை படிந்து கிடக்கும் பாட்டியின் மூடுபெட்டி ஒன்றை எடுத்து, விளிம்பிலிருந்து வார் வாராகப் பிரித்து, எத்தனை வார், எங்கே திருப்பம், மூடி எவ்வாறு நழுவாமல் இறுக்கமாகப் பொருந்தியது என்று குறித்துக் கொண்டு, மறுபடி புதிய ஓலையில் இழைத்துப் பார்க்க வேண்டும். அப்படியே செய்து முடித்த பிறகு, ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்: அளவையோ, நிறத்தையோ, வாரின் அகலத்தையோ. எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றப் புகுகிறவருக்குத் தாம் எதனால் வென்றோம், எதனால் தோற்றோம் என்பது ஒருபோதும் விளங்காது.

கைப்பொருளை விரும்புவோர் கூட, புகழ்ந்துவிட்டுப் போவதைக் காட்டிலும், தம் தேவையை அளவோடு எடுத்துச் சொல்லிக் கேட்பார்களாயின் அதுவே சிறந்த உபகாரம். இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழும் நம்மவர்கள் கலியாண வீட்டுப் பலகாரம் வைத்துக் கொடுப்பதற்கென்று சிறு பெட்டிகளை இங்கிருந்து தருவிக்கத் தொடங்கிய பிறகு, குட்டானுக்கு மூடி வந்தது, மூடிக்குப் பிடி வந்தது. மேசை விளக்குக்கு ஒரு கூடு, புத்தகம் வைக்க ஓர் உறை, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கொட்டைப்பெட்டி என்று இன்ன நீளம், இன்ன அகலம், முற்பணம் இவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். “இது நான் செய்து பாக்காத சாமான், பிள்ளை” என்று முதலிலே தயங்குவார்கள். பிறகு ஓர் ஓலையை எடுத்து மடித்து, உங்கள் கண்ணாடியை வாங்கி அதற்குள் வைத்துப் பார்ப்பார்கள்.