ஆர்.வி. கூரைக்கு தானியங்கி டிஷ்: வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

படுக்கை, அடுப்பு, கழிப்பறை என வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவது அமெரிக்காவில் பெரிய கலாசாரம். அந்த வண்டிக்கு ஆர்.வி. என்று பெயர். பகல் முழுக்க மலை, ஏரி என்று சுற்றினாலும், ராத்திரி மேட்ச் பார்க்காமல் பலருக்குத் தூக்கம் வராது. செல்போன் சிக்னலே எட்டாத காட்டுப் பகுதிகளில் அதற்கு நம்பகமான வழி, சாட்டிலைட் டிவி.

இதற்கான தானியங்கி டிஷ் விலை சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரங்களைத் தாண்டும். கூரையில் ஓட்டை போட்டுப் பொருத்திய பிறகு, 'இது நமக்கு ஒத்துவரலையே' என்று தெரிந்தால் பணம் போச்சு. அதனால் சில விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

தானியங்கி டிஷ் என்ன செய்யும்?

மொட்டை மாடியில் ஒருவர் டிஷ்ஷைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் "இப்போ வருது... ஐயோ, போச்சு" என்று கத்தும் காட்சி நமக்குப் பழக்கம்தான். வீட்டில் அந்த வேலை ஒருமுறையோடு முடிந்துவிடும். ஆர்.வி.யிலோ தினம் ஒரு ஊர். டிவி சாட்டிலைட், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். வண்டி இடம் மாறினால், டிஷ் பார்க்க வேண்டிய கோணமும் மாறும்.

தானியங்கி டிஷ்ஷில் மோட்டார்கள் உண்டு. பட்டனை அழுத்தினால் அதுவே பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் திரும்பி வானத்தைத் துழாவி, சரியான சாட்டிலைட்டைக் கண்டுபிடித்து நின்றுவிடும். சில நிமிட வேலை.

முதலில் எது? டிஷ்ஷா, சேவையா?

சேவைதான். அமெரிக்காவில் டிஷ் நெட்வொர்க், டைரக்டிவி என இரண்டு பெரிய சேவைகள். ஒன்றுக்காகச் செய்த ஆன்டெனா மற்றதற்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

டைரக்டிவியின் ஹெச்.டி. சேனல்கள் 99, 103 டிகிரி மேற்கு தீர்க்கரேகையில் உள்ள சாட்டிலைட்டுகளிலிருந்து, வேறொரு அலைவரிசையில் வருகின்றன. குமிழ் வடிவச் சிறிய ஆன்டெனாக்கள் பெரும்பாலும் 101 டிகிரியை மட்டுமே பிடிக்கும். கிடைப்பது பழைய எஸ்.டி. தரம்தான். ஹெச்.டி. வேண்டுமென்றால், கூரையில் பொருத்தும் பெரிய திறந்த டிஷ் தேவை.

டிஷ் நெட்வொர்க்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிறிய குமிழிலேயே ஹெச்.டி. வரும். ஆண்டு ஒப்பந்தம் இல்லாமல், பயணம் போகும் மாதத்துக்கு மட்டும் பணம் கட்டும் வசதியும் உண்டு.

மூன்று வகை

கையில் தூக்கி வைப்பது: விலை குறைவு. தரையில் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் இறக்கி, கேபிள் மாட்டணும். திருடு போகாமலும் பார்த்துக்கணும்.

கூரையில் நிலையாக இருப்பது: வண்டியை நிறுத்தி, பட்டனைத் தட்டினால் போதும். மழையில் இறங்க வேண்டியதில்லை.

ஓடும்போதே பிடிப்பது: வண்டி திரும்பத் திரும்ப டிஷ்ஷும் திரும்பும். பின்சீட்டில் குழந்தைகள் டிவி பார்ப்பார்கள் என்றால் சரி. இல்லையென்றால் இந்தக் கூடுதல் செலவு வீண்.

மரம்தான் வில்லன்

எவ்வளவு விலை கொடுத்தாலும் எந்த டிஷ்ஷாலும் மரத்தை ஊடுருவிப் பார்க்க முடியாது. அமெரிக்காவிலிருந்து பார்த்தால் இந்த சாட்டிலைட்டுகள் தெற்கு வானில் இருக்கும். 119 டிகிரி சாட்டிலைட், டெக்சாஸின் சான் ஆன்டோனியோவில் அடிவானத்திலிருந்து சுமார் 50 டிகிரி உயரத்தில் தெரியும். வடகிழக்கு மூலையில் உள்ள மெயின் மாநிலத்தின் பாங்கோரில் அதுவே 20 டிகிரிக்கும் கீழே. பக்கத்து மரமே மறைத்துவிடும்.

நிழலான முகாம்களில் தங்குபவர்களுக்குக் கூரை டிஷ்ஷைவிட, வெயில் படும் இடத்துக்குத் தூக்கிப்போய் வைக்கும் டிஷ்தான் லாபம்.

வண்டியில் இரண்டு டிவியா?

குமிழ் ஆன்டெனா ஒரு நேரத்தில் ஒரு சாட்டிலைட்டைத்தான் பார்க்கும். படுக்கையறை டிவியில் கேட்கும் சேனல் வேறு சாட்டிலைட்டில் இருந்தால், அது வராது. யார் கையில் ரிமோட் என்ற சண்டை கூரை வரைக்கும் போகும்! பல சாட்டிலைட்டுகளை ஒரே நேரத்தில் பார்க்கும் திறந்த டிஷ் இதற்குத் தீர்வு. ஆனால் அதை மடக்கி வைத்த பிறகே வண்டியை எடுக்க முடியும்.

லோக்கல் சேனல் ஏன் காணாமல் போகுது?

உள்ளூர் சேனல்களை சாட்டிலைட் அந்தந்தப் பகுதிக்கு மட்டும் குறுகிய கற்றையாக அனுப்புகிறது. வீட்டிலிருந்து சில நூறு மைல் தாண்டினால் அவை வராது. இது டிஷ்ஷின் பழுது இல்லை. நிறுவனத்திடம் சொல்லி சேவை முகவரியை மாற்றலாம். இல்லையென்றால் சாதாரண ஆன்டெனாவில் அந்த ஊர்ச் சேனல்களை இலவசமாகப் பார்க்கலாம்.

ஸ்டார்லிங்க் போதாதா?

2022-ல் ஆர்.வி.க்கான ஸ்டார்லிங்க் சேவை வந்த பிறகு இது நியாயமான கேள்விதான். லேப்டாப்பில் வேலையும் பார்க்கணும், ஓ.டி.டி.யும் வேணும் என்றால், அதுவே பொருத்தம். ஆனால் அதற்கும் திறந்த வானம் தேவை. இயங்கும்வரை தொடர்ந்து மின்சாரமும் இழுக்கும். டிவி டிஷ், சாட்டிலைட்டைப் பிடித்ததும் மோட்டாரை நிறுத்திவிடும். பேட்டரியை நம்பி காட்டில் தங்குபவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

கடைக்குப் போகும் முன்

எந்த சேவை, ஹெச்.டி. கட்டாயமா, எத்தனை டிவி, தங்குவது நிழலிலா வெயிலிலா, ஓடும்போது பார்க்கணுமா? இந்த ஐந்துக்கும் பதிலை எழுதிக்கொண்டால், கடையில் உள்ள மாடல்களில் பாதிக்கு மேல் தானாகவே கழிந்துவிடும். பதில் தெளிவாக இல்லையா? கூரையைத் துளைக்கும் முன், கையில் தூக்கும் டிஷ் ஒன்றோடு ஒரு சீசன் போய்ப் பார்ப்பது புத்திசாலித்தனம்.