குடும்பத்தில் பாடல் கேட்கும் கருவிகள்: செவியைக் காக்கும் வழிகள்

எம்.பி.3 பிளேயர், கைபேசி ஆகியவற்றில் உரத்த ஒலியில் நெடுநேரம் பாடல் கேட்டால், உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் அழியும். அவை மீண்டும் வளர்வதில்லை.

எவ்வளவு ஒலி? எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட தரநிலையின்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதே நேர அளவிற்குச் சிறுவர்களுக்கான வரம்பு 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடுந்தோறும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் பெரியவர்களுக்கும் வாரத்திற்கு 4 மணி நேரமே பாதுகாப்பானது.

வாங்கும்போது

• உச்ச ஒலியளவை வரையறுத்துப் பூட்டும் வசதி உள்ளதா எனப் பாருங்கள். சிறுவர்களுக்கு இது இன்றியமையாதது.
• வெளி இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போனைத் தேர்ந்தெடுங்கள். பேருந்துப் பயணத்திலும் ஒலியைக் கூட்டத் தேவையிராது. சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதை அணியாதீர்கள்.

பயன்படுத்தும்போது

• ஒலியளவு உச்சத்தில் 60 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம்.
• அரியலூர் சிமென்ட் ஆலைகளிலும் பெரம்பலூர் கல் குவாரிகளிலும் பணிபுரிவோரின் செவிகள் பணியிடத்திலேயே மிகுந்த இரைச்சலைத் தாங்குகின்றன. வீடு திரும்பியபின் அவற்றிற்கு ஓய்வு தேவை. பாடல் கேட்கும் ஹெட்போன் செவிக்கவசம் ஆகாது.
• வீட்டு முதியவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே சென்றால் கடிந்துகொள்ளாதீர்கள். அது செவித்திறன் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.
• காதில் சீழ் வடிந்தால் செவிக்குள் பொருத்தும் கருவியைத் தவிர்க்கவும்.

மருத்துவரை அணுக வேண்டிய நேரம்

காதில் இரைச்சல் நீடித்தாலோ, பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை என்றாலோ அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை அணுகவும். திடீரெனக் காது கேளாமற்போனால் அன்றே செல்லுங்கள்; தாமதித்தால் சிகிச்சையின் பயன் குறையும்.