அரிவாளின் வாய் தெறிப்பது ஏன்?

வேலிக்கருவை வெட்டும்போது புது அரிவாளின் வாய் தெறித்தால், இரும்பு மட்டம் என்று குறை கூறுகிறோம். பல சமயங்களில் இரும்பில் குறை இருப்பதில்லை. உலையில் சூடு மிஞ்சியதே காரணம்.

பொன்னேரி வட்டம் அத்திப்பட்டு வழியே துறைமுகத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் லாரிகள் ஏராளமாக ஓடுகின்றன. லாரியில் கழித்த வில் பட்டை அரிவாளுக்கு ஏற்ற உருக்கு. அதில் 100க்குச் சுமார் 0.5 முதல் 0.6 பங்கு கரி உண்டு. விரிசல் கண்ட பட்டையை வாங்கக் கூடாது.

உருக்கினுள் வரப்பு

உருக்கு கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகளால் ஆனது. இரு மணிகள் சேரும் எல்லை, வயல் வரப்பு போன்றது. விரிசல் ஒவ்வொரு வரப்பிலும் தடைபடும். மணிகள் சிறுத்திருந்தால் வரப்புகள் அதிகம். கருவி உரமாக இருக்கும். சூடு மிஞ்சினால் மணிகள் பெருத்து வரப்புகள் குறையும். பாஸ்பரஸ் போன்ற அழுக்கும் அந்த எல்லைகளில் சேர்ந்தால், விரிசல் அவற்றின் வழியே எளிதாக ஓடும்.

தோய்ச்சல் முறை

எண்ணூரில் உள்ளது போன்ற பெரிய லாரித் தொழிற்சாலைகளில் உலைச் சூட்டைக் கருவி கொண்டு அளப்பர். கிராமத்து உலையில் காந்தம் போதும். சுமார் 770 டிகிரி சென்டிகிரேடில் உருக்கைக் காந்தம் இழுக்காது. அதற்குச் சற்று மேல், மிளகாய்ப் பழச் சிவப்பு ஏறியதும் எடுத்து எண்ணெயில் தோய்க்க வேண்டும். இப்பட்டையைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிப்பு விடலாம்.

தோய்த்ததோடு விட்டால் கண்ணாடி போல் ஒடியும். வாயைத் தேய்த்துத் துலக்கி, மீண்டும் இளஞ்சூடு காட்ட வேண்டும். கதிர் அரிவாளுக்கு வைக்கோல் நிறம் (சுமார் 230 டிகிரி) வரலாம். வெட்டரிவாளுக்கு நீலம் தட்டும் வரை (சுமார் 300 டிகிரி) காட்டலாம்.

சோதிப்பது எப்படி?

ஒடிந்த முகம் சாம்பல் நிறத்தில் மாவு போல் இருந்தால் உலைச் சூடு சரி. சீனி போல் பருத்து மின்னினால் சூடு மிஞ்சியுள்ளது. இதைத் திருத்தலாம். சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுவதை இரண்டு மூன்று முறை செய்து, பிறகு தோய்ச்சல் போட்டால் மணிகள் மீண்டும் சிறுக்கும். வெண்மை ஏறிப் பொறி பறந்த பகுதி கருகியது. அதை வெட்டி எறிவதே நல்லது.

ஆகவே, ஒடிந்த துண்டை வீசாமல் கொல்லரிடம் காட்டுங்கள். அடுத்த அரிவாள் நன்றாக அமையும்.