பண்டகசாலைக்குத் தளமும் தடுப்பும்

மட்டாஞ்சேரியும் அதனைச் சார்ந்த கொச்சங்காடியும் காயலோரத் தாழ்நிலங்கள். மிளகையும் சுக்கையும் காத்துவந்த பழைய பண்டகசாலைகள் இப்பகுதியில் பல உள. மண் தரையுள்ள கட்டடத்தில் சரக்கிற்குப் பகை இரண்டு: கீழிருந்து ஏறும் ஈரம், சுவரடியில் வளை தோண்டும் எலி. சரக்கு மட்டுமன்று, உயிரும் இதில் அடங்கியுள்ளது. 2018-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவிப் பல உயிர்களைக் கொண்டது.

இதற்காகக் கட்டடத்தை இடிக்க வேண்டுவதில்லை. வளைகளை உடைத்து நிரப்பி, தரையைத் திமிசு கொண்டு இறுக்கி, மணல் பரப்புக. கனத்த பாலிதீன் விரிப்பைச் சுவரோரம் சற்றே மேலேற்றி விரித்து, அதன்மேல் 4 அங்குலக் காங்கிரீட் இடுக. சிமெண்டு 1, மணல் 2, ஜல்லி 4 என்பது கலவை. கடல் மணலும் உப்பு நீரும் ஆகா. உப்பு ஈரத்தை ஈர்க்கும். குறைந்தது 7 நாள் தளத்தை நனைத்து வைத்தல் வேண்டும்.

ஆயினும் தளத்தோடு நிறுத்தினால், எலி வளைக்கு நாமே கூரை போட்டவர்களாவோம். ஆகவே சுவரின் வெளிப்புறம் சுற்றிலும் 2 அடி ஆழத்திற்குக் காங்கிரீட் தடுப்பு வேண்டும். அதன் அடிப்பகுதி 1 அடி அகலம் வெளிநோக்கி நீண்டிருத்தல் வேண்டும். சுவரை ஒட்டித் தோண்டிவரும் எலி அதில் முட்டும். பின்வாங்கிச் சுற்றிவர அதற்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை.

பழைய அஸ்திவாரத்தின் ஓரத்தை ஒரேயடியாகத் தோண்டலாகாது, சுவர் சரிந்துவிடும். சிறு சிறு பகுதியாகத் தோண்டி, ஒன்றை முடித்தபின் அடுத்ததைத் தொடங்குக. இறுதியாகக் கதவடியையும் பார்த்துக்கொள்க: கால் அங்குல இடைவெளி இருந்தால் சுண்டெலிக்கு அதுவே வாயில்.