பாதிப்பு யாருக்கு? இரட்டைக் கருவில் விடை தராத ரத்தப் பரிசோதனை

கருவின் பாலினத்தைக் கண்டறிந்து பெண் சிசுவை அழிப்பதைத் தடுக்க 1994-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதில் "பரிசோதனை" என்பதற்குத் தரப்பட்ட விளக்கத்தில் அல்ட்ராசவுண்ட், பனிக்குட நீர் ஆகியவற்றோடு கருவுற்ற பெண்ணின் "ரத்தம்" என்ற ஒரு சொல்லும் சேர்ந்திருந்தது. தாயின் ரத்தத்தைக் கொண்டே கருவின் மரபணுவைப் படித்தறியும் முறை அன்று எங்கும் நடைமுறையில் இல்லை.

மூன்றாண்டுகளுக்குப் பிறகு, 1997-ல்தான் தாயின் ரத்தத்தில் கருவின் மரபணுத் துணுக்குகள் மிதப்பதை டென்னிஸ் லோ தலைமையிலான ஆய்வுக் குழு உலகுக்கு அறிவித்தது. 2011-ல் அது வணிகப் பரிசோதனையாகச் சந்தைக்கு வந்தது. இன்று ஹைதராபாத் போன்ற நகரங்களில் கருவுற்ற பத்தாவது வாரத்திலேயே ரத்தம் எடுத்துப் பரிசோதனை செய்துகொள்ள முடிகிறது. ஊசியை வயிற்றில் செலுத்தி பனிக்குட நீரை எடுக்கும்போது ஏற்படும் கருச்சிதைவு அபாயம் இதில் இல்லை என்பதே இதன் ஈர்ப்பு.

ஆனால், வயிற்றில் வளர்வது இரட்டைக் கரு என்றால் கணக்கு மாறிவிடுகிறது.

விகிதத்தில் சிக்கல்: தாயின் ரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது. இந்தப் பங்கு சுமார் 4 சதவீதத்துக்குக் கீழே போனால் முடிவை நம்ப முடியாது என்று பல ஆய்வகங்கள் அறிக்கை தர மறுத்துவிடும். ஒரே கருமுட்டை பிளந்து உருவாகும் இரட்டையருக்கு மரபணு ஒன்றே. ஆதலால் அங்கு ஒற்றைக் கருவைப் போலவே கணக்கிடலாம். இரு வேறு கருமுட்டைகளிலிருந்து உருவான இரட்டையர் நிலை அப்படியல்ல. இருவரின் பங்கும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஒவ்வொருவரின் தனிப்பங்கும் குறைந்திருக்கும்.

ஒற்றைக் கருவில் டவுன் சிண்ட்ரோம் பாதிப்புள்ள நூறு பேரில் 99 பேரை இப் பரிசோதனை இனங்காட்டுகிறது. இரட்டைக் கருவிலும் டவுன் சிண்ட்ரோமைப் பொருத்தவரை இதற்கு நெருக்கமான துல்லியம் உண்டு. எனவேதான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரட்டைக் கருவிலும் இதைச் செய்யலாம் என்று ஏற்றது. 18, 13-ஆவது குரோமோசோம்களின் பாதிப்புகளுக்கு இரட்டையரிடம் கிடைத்துள்ள சான்றுகள் குறைவே.

"பாதிப்புக்கு வாய்ப்பு அதிகம்" என்று அறிக்கை வந்தாலும், இருவரில் யாருக்கு என்று அது சொல்லாது. அதை அறிய இரண்டு பனிக்குடங்களிலிருந்தும் தனித்தனியே நீர் எடுத்தாக வேண்டும். எந்த அபாயத்தைத் தவிர்க்க ரத்தப் பரிசோதனை வந்ததோ, அந்த அபாயத்தின் வாசலுக்கே இரட்டைக் கருவைச் சுமக்கும் தாய் திரும்ப நேர்கிறது. தொடக்கத்தில் இரண்டாக இருந்து, ஒன்று வளராமல் கரைந்துபோன கருவின் துணுக்குகளும் ரத்தத்தில் சில வாரங்கள் தங்கித் தவறான அறிக்கைக்குக் காரணமாகலாம். முதலில் ஸ்கேன், பிறகே ரத்தம் என்ற வரிசையை மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

நாள்களின் நெருக்கடி: பத்து, பதினொன்றாவது வாரத்தில் எடுத்த ரத்தத்தின் முடிவு வர ஓரிரு வாரங்கள் ஆகும். பனிக்குட நீரை 15, 16-ஆவது வாரத்துக்குப் பிறகே எடுக்க முடியும். செல்களை வளர்த்துச் செய்யும் முழு ஆய்வுக்கு மேலும் இரண்டு, மூன்று வாரங்கள் தேவை. தெளிவான விடை கைக்கு வரும்போது 20-ஆவது வாரம் நெருங்கிவிடும்.

2021-ல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகள் குறிப்பிடும் பிரிவினருக்கு இரு மருத்துவர்களின் கருத்து வேண்டும். அதற்கு மேல், கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மாநில மருத்துவ வாரியம் முடிவு செய்யும். ஆனால் இச் சட்டம் "கர்ப்பத்தைக் கலைத்தல்" என்று ஒட்டுமொத்தமாகவே பேசுகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் நிறுத்தி மற்றதைக் காப்பது பற்றி அதன் விளக்கத்தில் சொல் இல்லை. அந்தச் சிகிச்சையில் நலமாக உள்ள கருவையும் இழக்கும் ஆபத்து உண்டு. சட்டமும் மருத்துவமும் தயங்கும் இந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டிய சுமை பெற்றோர் தலையில் விழுகிறது.

பாலினம் எனும் ஆபத்து: அதே ரத்தத்தில் ஒய் குரோமோசோமையும் காண முடியும். இரட்டைக் கருவில் அது தென்பட்டால் குறைந்தது ஒன்று ஆண். தென்படாவிட்டால் இரண்டும் பெண். ஸ்கேன் மூலம் பாலினத்தைத் தெளிவாக அறிய முடியாத பத்தாவது வாரத்திலேயே இது தெரிந்துவிடும் என்பதுதான் அச்சத்துக்குக் காரணம். சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பது குற்றம். தவறும் மருத்துவருக்கு முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ.10 ஆயிரம் வரை அபராதமும் உண்டு. ஆறு வயதுக்கு உட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 2001-ல் 927 ஆகவும், 2011-ல் 919 ஆகவும் குறைந்த நாட்டில் இக் கெடுபிடியை மிகை என்று சொல்ல முடியாது.

ஹைதராபாத் இதில் முன்னோடி. 2000-களின் நடுவில் மாவட்ட ஆட்சியராக இருந்த அரவிந்த் குமார், ஸ்கேன் மையங்கள் நிரப்ப வேண்டிய "எஃப்" படிவங்களைத் தணிக்கை செய்தே விதிமீறல்களைக் கண்டுபிடித்தார். கருவிகள் முடக்கப்பட்டன. படிவத்தில் நேரும் பிழைகளை வெறும் எழுத்துப் பிழையாகக் கருத வேண்டும் என்ற மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் வாதத்தை 2019 மே மாதம் உச்ச நீதிமன்றமும் நிராகரித்தது.

ஆலோசகர் எங்கே? தடுப்பதில் காட்டிய வேகம், வழிகாட்டுவதில் இல்லை என்பதுதான் குறை. சட்டம் மரபணு ஆலோசனை மையம், ஆய்வகம், மருத்துவகம் என்று மூன்றையும் பதிவு செய்யச் சொல்கிறது. ஆலோசனை மையத்துக்கு "டி" படிவம்கூட உண்டு. ஆனால் 35 வயதைக் கடந்தவர், இருமுறையோ அதற்கு மேலோ கருச்சிதைவுக்கு ஆளானவர் என்று பரிசோதனைக்கு உரியவர்களை வரிசைப்படுத்தும் 4-ஆவது பிரிவில் இரட்டைக் கரு தனியே இடம்பெறவில்லை. செயற்கைக் கருத்தரிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களைச் செலுத்துவதால் இரட்டையர் பெருகிவரும் காலத்தில் இது கவனிக்கத்தக்கது. அப் பிரிவிலேயே புதிய நிபந்தனைகளைச் சேர்க்க மத்திய மேற்பார்வை வாரியத்துக்கு அதிகாரம் தரப்பட்டுள்ளது. புதிய சட்டம் வேண்டியதில்லை. வாரியம் கூடி முடிவெடுத்தாலே போதும்.

வசதியும் நகரத்தில் இருக்கிறது. உப்பலில் மத்திய அரசின் மரபணு ரேகைப் பதிவு மற்றும் பிணியறிதல் மையம். பஞ்சாகுட்டாவில் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகம். 2019 செப்டம்பரில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை தொடங்கிய "உம்மித்" திட்டத்தின் மரபணு நோய் மையங்களில் நிஜாம் கழகமும் ஒன்று. இருப்பினும் பல ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் தனியார் ஆய்வகங்கள் தரும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கும் தம்பதியருக்கு, அதன் பொருளைத் தாய்மொழியில் எடுத்துச் சொல்ல அருகிலேயே ஓர் ஆலோசகர் வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையை வளர்க்கலாம் என்று முடிவெடுப்பவருக்கும் அந்த ஆலோசனை சமமாகக் கிடைக்க வேண்டும்.

"ரத்தம்" என்ற ஒரு சொல்லை முன்கூட்டியே எழுதிவைத்த நாடாளுமன்றத்தின் தொலைநோக்கு பாராட்டத்தக்கது. அந்த ரத்தம் சொல்வதை விளங்கிக்கொள்ள உதவும் மனிதர்களையும் உருவாக்கினால்தான் அச் சட்டம் முழுமை பெறும்.